மாத்திரையை எதனுடன் உட்கொண்டீர்கள்

பதினொன்று பத்துக்கு விழுங்கியது, இப்போது பதினொன்று இருபது, இன்னும் இருபது நிமிஷமாவது ஆகும் அது உள்ளே போய் வேலையைத் தொடங்க, அதுவரை நான் இந்த நாற்காலியில் வைத்த சாமான், வைத்த இடத்தில் இருப்பேன், வலது கை மடியில், இடது கை அதன் மேல், கைக்குக் கீழே ஓர் அட்டை, அட்டையில் கவ்விய தாள், தாளின் தலையில் 'நோயாளிகளின் கருத்தறியும் படிவம்', நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனா. பேனாவை யாரும் திருடிக்கொண்டு போகக் கூடாதாம். இந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பேனாவைப் பிடிக்கவே வராது, திருடுவது எங்கே. வாணி, என் மகள், ரத்த ரிப்போர்ட் வாங்கப் பின்பக்கத்துக் கட்டிடத்துக்குப் போயிருக்கிறாள். "அதை நீங்க எழுத வேண்டாங்கப்பா, நான் வந்து டிக் பண்ணிக்கறேன், நீங்க சும்மா வச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். உடம்பு இறுகிப்போகும் இந்தச் சீக்கில், சும்மா வைத்திருப்பதில் எனக்கு ஆறு வருஷப் பயிற்சி உண்டு. ஆனால் அவள் வருவதற்குள் இதை நான் எழுதியாக வேண்டும், முழுவதும் முடியாவிட்டாலும் ஏழாவது கேள்வியை. 'தற்போதைய சிகிச்சைக்கு முன்பு மாத்திரையை எதனுடன் உட்கொண்டீர்கள்?' பக்கத்தில் நான்கு கட்டம். தண்ணீர், பால், காபி அல்லது தேநீர், மற்றவை. வாணி கையில் கிடைத்தால் பாலில் டிக் போடுவாள், ஏனென்றால் அதுதான் உண்மை, போட்டுவிட்டு உள்ளே டாக்டரிடம் நீட்டுவாள், டாக்டர் அதைப் பார்த்ததும், போன மாதம் என்னிடம் சொன்னதை அவளிடமும் சொல்வார். சொன்னால், எட்டு மாதத்துக்கு முன் செத்துப்போன என் வீட்டுக்காரி தெய்வாத்தாள் இன்னொரு தடவை சாவாள், இந்தத் தடவை பெற்ற மகளின் மனசில். நானே தண்ணீரில் டிக் போட்டு மடித்து வைத்துவிட்டால் வாணி அதைப் பிரித்துப் பார்க்கிறவள் இல்லை. அவளுக்கு வேலை முடிந்தால் சரி. விரல்தான் வரவேண்டும். சுவரில் சிவப்பு எண் இருபத்தொன்பது என்கிறது. எங்களுடையது முப்பத்துநான்கு.

கேட்டிருக்கக் கூடாது. போன மாதம் வாணி மருந்து வாங்கப் போயிருந்த ஐந்து நிமிஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இன்றைக்கு நான், எதிரே புருஷனை இழுத்துக்கொண்டு போகும் பச்சைச் சேலைக்காரியை நிம்மதியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். டாக்டர் சின்ன வயசு, நல்ல மாதிரி, எப்போதும் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர், ஆனால் நான் கேட்டதும் திரும்பிவிட்டார். "டாக்டர், அவ போனதுல இருந்து எனக்கு ஒடம்பு தேவலையா இருக்குதுங்க, அது எப்படீங்க?" "அதுக்கப்புறம் என்னங்க மாறுச்சு? மாத்திரை அதேதானே?" "அதேதானுங்க. முன்னாடி அவ பால்ல குடுப்பா. இப்பத் தண்ணியில." அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, கணக்குக்கு விடை வந்தவன் சிரிப்பு. "அதுதாங்க விஷயம். பால்ல இருக்கற சத்தும் இந்த மருந்தும் ஒரே வாசல் வழியாத்தான் உள்ள போகணும். பால் முந்திக்கிட்டா மருந்து வெளிய நிக்கும். சில பேருக்குப் பாதிகூடச் சேராது. ஆறு வருஷமாவா? அடடா. உங்க பொண்ணு வந்தா அவங்ககிட்டயும் சொல்றேன்." அப்புறம் வாணி வருவதற்குள் அவருக்கு போன் வந்துவிட்டது, மறந்துவிட்டார். ஒரு நாளைக்கு அறுபது பேரைப் பார்க்கிறவர், மறக்கட்டும், அதற்குத்தான் நான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் தாள் மறக்காது.

எனக்கு அதற்கு முன்னால் வேறொரு காரணம் இருந்தது, நல்ல காரணம். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று பங்காளி வீடுகளிலிருந்து சோறு வந்தது, மாட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய்க் கட்டிவிட்டார்கள், பால் காய்ச்ச ஆளும் இல்லை அடுப்பும் இல்லை. வாணிதான் குடத்துத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு மாத்திரையை வாயில் போட்டாள். மூன்றாம் நாள் காலையில் பந்தலுக்குக் கீழே கட்டிலில் கிடந்தவன் நானாக எழுந்தேன். எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டு, பாத்ரூம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். கொழுந்தியா பார்த்துவிட்டாள். "எங்கக்கா போறப்ப மாமனோட சீக்கையும் முந்தானையில முடிஞ்சுட்டுப் போயிட்டாளே" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒரே அழுகை, அடங்கியிருந்த பெண்களெல்லாம் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். நான் சாமி, பூதம் எதையும் அவ்வளவாக நம்புகிறவன் இல்லை. ஆனால் அதை நம்பினேன். அப்படித்தான் செய்வாள் அவள், கோவிலுக்குப் போகும்போதுகூட என் சில்லறையை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்கிறவள். ஏழு மாதம் நான் வைத்த ஒவ்வொரு அடியையும் அவள் கொடுத்தது என்று நினைத்து வைத்தேன். வாணி வீட்டு மாடிப்படியில் இறங்கும்போதுகூட, பார்த்துக்கொள் தெய்வாத்தா, இறங்குகிறேன் பார் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். அதைத்தான் அந்த டாக்டர்ப் பிள்ளை சிரித்துக்கொண்டே ஒரு வரியில் எடுத்துவிட்டது. அவர் சொன்னது வைத்தியம். குற்றம் சொல்ல முடியாது.

பதினொன்று இருபத்தெட்டு. கட்டைவிரலை அசைக்கச் சொன்னால் சுண்டுவிரல் அசைகிறது. முப்பத்தொரு வருஷம் பால் சங்கத்தில் பரிசோதகனாக இருந்தவன் நான். லாக்டோமீட்டர் சொல்வதற்கு முன்னாலேயே கேனைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் நடையில் தெரிந்துவிடும் தண்ணீர் விட்டிருக்கிறானா என்று. சொந்த மச்சான் பாலைத் திருப்பி அனுப்பி, இரண்டு வருஷம் அந்த வீட்டு விசேஷத்துக்கெல்லாம் எங்களுக்கு அழைப்பில்லாமல் போனது. தெய்வாத்தா அதற்கு என்னைப் பேசாத பேச்சில்லை. இன்றைக்கு அதே ஆள் பாலைத் தண்ணீர் என்று எழுதுவதற்கு விரல் வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாச்சிமுத்து என்று பெயர் சொன்னால் நாற்பது ஊரில் பால்காரர்கள் பயந்த காலம் உண்டு. அவர்கள் யாராவது இப்போது பார்த்தால் நன்றாக இருக்கும்.

எங்கள் வீட்டுப் பால் சங்கத்துக்குப் போவதற்கு முன்னால் எனக்கு எடுத்து வைப்பாள். அப்போது வேளை, காலை ஏழு, மதியம் ஒன்று, சாயங்காலம் ஏழு. காய்ச்சி, டம்ளரிலும் வட்டாவிலும் மாற்றி மாற்றி ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள், கைப்பிள்ளைக்குப் பார்க்கிற மாதிரி. என் பிடரியில் ஒரு கை கொடுத்து நிமிர்த்துவாள். "குடிங்க மாமா. இது இங்கிலீசு மருந்து, வெறு வயித்துல போனாக் கொடலைச் சுட்டுப்போடும்." எனக்குக் கோபம் வரும், எனக்குப் பசியில்லை, எனக்கு ஏப்பம் வருகிறது, பால் ஏடு உதட்டில் ஒட்டுகிறது, ஆனால் முகம்தான் அசையாதே, கோபத்தைக் காட்ட முடியாமல் குடித்துவிடுவேன், தாடையில் வழிந்ததை முந்தானையால் துடைப்பாள், துடைப்பதா அது, கரி பிடித்த சட்டியைத் தேய்ப்பது. அப்புறம் இரண்டு பேரும் காத்திருப்போம். இந்த மாத்திரை வேலை செய்ய ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அது மாத்திரையின் குணம் என்று நினைத்தோம். அந்த ஒன்றரை மணியும் அவள் என் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருப்பாள், வெங்காயம் உரித்துக்கொண்டு, இல்லாவிட்டால் என் கால்விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, யார் வீட்டில் யார் வந்தார்கள், எந்த மாடு கன்று போட்டது, அம்மன் கோவில் பூசாரி எப்படிப் பேசினான், ஒன்று விடமாட்டாள். கல்யாணம் ஆகி முப்பது வருஷம் அவளும் நானும் அப்படி உட்கார்ந்து பேசியதே கிடையாது. நான் சைக்கிளில், அவள் தோட்டங்காட்டில். இப்போது அரை மணியில் மாத்திரை வேலை செய்துவிடுகிறது. யாரும் கூட உட்கார வேண்டியதில்லை. வாணி மாத்திரையைக் கொடுத்து, தண்ணீரைக் கொடுத்து, "சரியாப் போயிருச்சுங்களாப்பா" என்று கேட்டு, பேங்க் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். அவள் மேல் தப்பில்லை. எனக்கு அந்த ஒன்றரை மணி வேண்டும். உடம்பு மரமாகிப் போனாலும் பரவாயில்லை, அது வேண்டும். இதை யாரிடம் சொல்வது, சொன்னால் மனநோய் டாக்டரிடம் அனுப்புவார்கள், அவருக்கும் ஒரு படிவம் இருக்கும்.

வாணிக்கு அம்மா மேல் ஏற்கெனவே ஒரு கோபம். நாலு வருஷத்துக்கு முன்னாலேயே என்னை இங்கே கூட்டிவர வேண்டும் என்று கார் பிடித்துக்கொண்டு வந்தாள். தெய்வாத்தா விடவில்லை. எங்கள் ஊர் டாக்டர் கைராசிக்காரர், கை வைத்தால் பாதி வியாதி போய்விடும், கோயமுத்தூரில் மிஷினுக்குள் விட்டுப் படம் பிடித்துப் பயப்படுத்துவார்கள், இவர் தாங்கமாட்டார் என்றாள். எல்லாம் சரி, கைராசிக்காரர் கை வைத்து வைத்து வேளைக்கு அரை மாத்திரையை ஒன்றரையாக ஏற்றியிருந்தார், அவருக்கு என்ன தெரியும், பாலைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வாணி வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "நீதாம்மா அப்பாவைக் கட்டிப்போட்டு வச்சிருக்கற." சொல்லிவிட்டு அதே காரில் போய்விட்டாள். தெய்வாத்தா இரண்டு நாள் அழுதாள். எனக்குப் பால் ஆற்றும்போதும் அழுதாள், பாலில் விழுந்திருக்கும். இப்போது தான் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி என்று வாணிக்குத் தெரிந்தால் என்ன ஆகும். அவள் நல்ல பெண். ஆனால் கையில் கிடைத்ததை விடமாட்டாள், கணக்குப் போடுவாள், ஆறு வருஷம், எத்தனை நாள், எங்கேயெல்லாம் போயிருக்கலாம், அண்ணன் கல்யாணத்தில், அதுதான் என் மகன் கல்யாணத்தில், அப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் வைத்தோமே, அதுகூட வேண்டியிருந்திருக்காதே என்பாள். அப்புறம் அவள் எட்டு மாதத்துக்கு முந்திய அந்தக் காலைக்கும் வந்துவிடுவாள். நான் வந்துவிட்டேன், ஒரு மாதமாக அங்கேதான் நிற்கிறேன்.

ஐந்தேமுக்கால் மணி. பால் கறக்கப் போயிருந்தாள். சொம்பு விழுந்த சத்தம் கேட்டது. மாடு உதைத்துவிட்டது, இதோ திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. "தெய்வாத்தா" என்றேன், என் குரல் அப்போதெல்லாம் தலையணை தாண்டாது. புரண்டு படுக்க முடியவில்லை. காலைக் கட்டிலுக்கு வெளியே போட வேண்டும், போட்டால் பாரத்தில் விழுந்தாவது விடுவேன், விழுந்தால் தவழலாம், கால் வரவில்லை. ஜன்னல் கம்பியில் வெளிச்சம் ஏறிக்கொண்டே வந்தது. மாடு ஒரு தடவை கத்தியது. ஆறரைக்குப் பால் வண்டிக்காரன் வந்து ஹாரன் அடித்து, உள்ளே வந்து பார்த்துச் சத்தம் போட்டான். முக்கால் மணி நேரம். மாரடைப்பு, விழுந்த நிமிஷமே உயிர் போயிருக்கும் என்று சொன்னார்கள். அப்படித்தான் சொல்வார்கள், நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். முந்தின நாள் சாயங்கால மாத்திரை முழுசாகச் சேர்ந்திருந்தால் நான் எழுந்திருப்பேனா. எழுந்திருந்தால் போயிருப்பேனா. போயிருந்தால் அவள் இருந்திருப்பாளா. இல்லை, விழுந்த நிமிஷமே. ஆனால் போயிருந்தால் ஒரு வாய் தண்ணீராவது. இல்லை, விழுந்த நிமிஷமே என்று சொன்னார்களே. எந்தப் பக்கம் திரும்பினாலும் கட்டில் கட்டிலாகத்தான் இருக்கிறது. இந்த வழியில் வாணி வரக் கூடாது. ஒருத்தர் போதும்.

பதினொன்று முப்பத்தாறு. எண் முப்பத்தொன்று. படிவத்தைப் படிக்கவாவது முடிகிறது. 'உங்கள் மருந்துகளைப் பற்றி உங்களுக்குப் போதிய விளக்கம் அளிக்கப்பட்டதா?' அளிக்கப்பட்டது, ஐயா, ஆறு வருஷம் கழித்து அளிக்கப்பட்டது, அதற்கு ஒரு கட்டம் இல்லை. 'செவிலியர்கள் உங்களிடம் கனிவாக நடந்துகொண்டார்களா?' நடந்துகொண்டார்கள், தாத்தா என்கிறார்கள், அது ஒன்றுதான் பிடிக்கவில்லை. 'காத்திருக்கும் நேரம்.' அதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். பதினோராவது கேள்வி, 'இல்லத்தில் உங்களைப் பராமரித்தவரின் கவனிப்பு எவ்வாறு இருந்தது? மிக நன்று, நன்று, சுமார், குறைவு.' சுமார் என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். தெய்வாத்தாளின் கவனிப்பு சுமார் என்று ஒருத்தன் எழுதலாமா என்றால், எழுதலாம். குளிக்க வைக்கும்போது காதைத் திருகிக் கழுவுவாள். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுவிட்டு, "இருந்துட்டுப் போகுது, உங்களை யாரு பொண்ணு பாக்க வர்றாங்க" என்பாள். நாள் முழுக்கக் காட்டு வேலை, மாட்டு வேலை, நான் ஒரு வேலை, களைத்துப் போய்ச் சில நாள் என்னைப் பார்த்து, "எனக்கு முன்னாடி நீங்க போயிருங்க சாமி, நான் போயிட்டா உங்களை யாரு பாப்பாங்க" என்று சொல்லுவாள். அதில் மட்டும் சொன்னபடி செய்யவில்லை. குறைவு என்றுகூடப் போடலாம், அந்த ஒன்றுக்கு.

பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மாள் புருஷனோடு உட்கார்ந்திருக்கிறாள், வந்ததிலிருந்து கவனிக்கிறேன், பொள்ளாச்சிப் பக்கம் என்று யாரிடமோ சொன்னாள். அவர் என் ஜாதி, சீக்கில் சொல்கிறேன், முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையமாட்டார். அவள் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுக்கிறாள், என்னுடையதேதான், அதே நிறம். பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, எவர்சில்வர் பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் ஊற்றுகிறாள். வாசனை வந்துவிட்டது. காய்ச்சிய பசும்பால், லேசாக அடிப்பிடித்தது. அவள் மூடியிலும் டம்ளரிலும் மாற்றி மாற்றி ஆற்றுகிறாள். நான் பேசாமல் இருந்துவிடலாம். எனக்கென்ன. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கலாம், பிடரியில் கை கொடுப்பாளா என்று பார்க்கலாம். கொடுக்கிறாள். "அம்மிணி" என்கிறேன். அவளுக்குக் கேட்கவில்லை. "அம்மிணி, அந்தப் பாலை இப்பக் குடுக்காதீங்க." திரும்புகிறாள். "ஏனுங்கண்ணா? காலையில கறந்ததுதானுங்க." "பாலு நல்ல பாலுதானுங்க. இந்த மாத்திரையோட சேரக் கூடாதாமுங்க. டாக்டரே சொன்னாரு. பால் முந்திக்கிட்டா மருந்து ஏறாதாமா. தண்ணியில குடுங்க, வெரசா வேலை செய்யும்." டம்ளர் அவள் கையில் அப்படியே நிற்கிறது. "மூணு வருசமாப் பால்லதானுங்கண்ணா குடுக்கறேன்." "யாருஞ் சொல்லலீங்களா?" "சாப்பாட்டுக்கு முன்னாடியா பொறகான்னு வட்டம் போட்டுக் குடுத்தாங்க. வேற ஒண்ணுஞ் சொல்லலீங்க." டம்ளரை நாற்காலியில் வைக்கிறாள். மாத்திரையைப் பார்க்கிறாள், அவரைப் பார்க்கிறாள், அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்கிறாள். "அப்ப நாந்தான் இவரைக் கெடுத்துப்போட்டனுங்களா?"

இந்தக் கேள்விதான். தெய்வாத்தா உயிரோடு இருந்து, டாக்டர் அதை அவளிடம் சொல்லியிருந்தால், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் என் பக்கம் திரும்பி இதையேதான் கேட்டிருப்பாள். ஒரு மாதமாக நான் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் கிடைக்கவில்லை, இல்லை என்றால் பொய், ஆமாம் என்றால் அது அதைவிடப் பெரிய பொய். அப்போது அந்த மனிதர், அத்தனை நேரம் சுவரைப் பார்த்தபடி இருந்தவர், முகம் அசையாமல், நூல் மாதிரிக் குரலில் ஏதோ சொல்கிறார். "என்னுங்க?" என்று அவள் காதைக் கொண்டுபோகிறாள். "பாலு நல்லா இருந்துச்சு புள்ள." "என்ன?" "பாலு. நல்லா இருந்துச்சுன்னேன்." "சும்மா இருங்க, நீங்க வேற" என்கிறாள் அவள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, அவர் வாயை முந்தானையால் துடைக்கிறாள், வாயில் ஒன்றும் இல்லை, இன்னும் எதையும் குடிக்கவே இல்லை, இருந்தாலும் துடைக்கிறாள். அப்புறம் தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்து மாத்திரையைக் கொடுக்கிறாள்.

பதினொன்று நாற்பத்தொன்பது. வந்துவிட்டது. எப்போதும் வலது கால் பெருவிரலில்தான் முதலில் தெரியும், ஒரு சூடு, அப்புறம் முழங்கால், அப்புறம் தோள் இறங்கும், விரல்கள் ஒவ்வொன்றாக என் பேச்சைக் கேட்க ஆரம்பிக்கும். பேனாவை எடுக்கிறேன். வருகிறது. ஏழாவது கேள்வி, தண்ணீர், முதல் கட்டம், கைக்கு எட்டுகிற இடம், வாணி இன்னும் வரவில்லை, எல்லாம் நினைத்தபடியே நடக்கிறது. பேனா முனையைக் கட்டத்துக்குள் வைத்துவிட்டேன். வைத்துவிட்டு யோசிக்கிறேன். ஆறு வருஷம், ஒரு நாளைக்கு மூன்று தடவை, ஆறாயிரம் தடவைக்கு மேல் ஒருத்தி பால் காய்ச்சி ஆற்றி மணிக்கட்டில் விட்டுப் பார்த்திருக்கிறாள். இங்கே தண்ணீர் என்று போட்டால் இந்தத் தாளில் அவள் இல்லை. யாரோ ஒருத்தன், எங்கேயோ, தானாகவே குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்துக் குடித்திருக்கிறான், அவ்வளவுதான். அவளைக் காப்பாற்றுகிறேன் என்று அவளை அழித்துவிட்டுப் போவேனா. அவள் கொடுத்தது பால். மருந்தைத் தின்றது, என்னைக் கட்டிப்போட்டது, எல்லாம் சரி, பால்தான் கொடுத்தாள். முட்டாள்தனமாக, ஆசையாக, காது மடலைத் திருகிக்கொண்டு, பால் கொடுத்தாள். எனக்கு இப்போது உலகத்தில் வேண்டியது அது ஒன்றுதான், அதை நான் இல்லை என்று எழுதுவேனா. பேனாவை எடுத்து இரண்டாவது கட்டத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். ரொம்ப நாளாக என் எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி சிறுத்துப் போயிருந்தது. இந்த டிக் கட்டத்தை விட்டு வெளியே ஓடிவிட்டது. அப்படியே கீழே இறங்கிப் பதினோராவது கேள்வியில், மிக நன்று.

போட்ட பிறகுதான் பயம் வந்தது. வாணி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறாள், கையில் ரிப்போர்ட் கவர், நெற்றியெல்லாம் வேர்வை. "எழுதிட்டீங்களாப்பா? கை வந்துருச்சா?" தாளை வாங்கிப் பார்க்கிறாள். "பால்லதானே குடுப்பாங்க, ஆமா" என்று சொல்லிக்கொண்டே அடுத்த வரிக்குப் போகிறாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. விட்டுவிடலாம். விட்டுவிட்டால் உள்ளே டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்வார். "வாணி, உக்காரு சாமி." "டோக்கன் வந்துருமுங்கப்பா." "வரட்டும், உக்காரு." சொன்னேன். வாசல் கதையை டாக்டர் சொன்ன மாதிரியே சொன்னேன், நல்ல வேளை, குரல் வந்திருந்தது. அந்தக் காலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டே தாளைப் பார்த்தபடி இருந்தாள். "அப்ப ஆறு வருஷம்..." என்றாள். "ஆறு வருஷமும்." "அம்மாவுக்குத் தெரியுமா?" "யாரும் சொல்லல சாமி. எனக்கே போன மாசந்தான் தெரியும்."

இனி வரும் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு காத்திருந்தேன், அம்மாவைப் பற்றி ஏதாவது வரும், கணக்கு வரும். வரவில்லை. அவள் கண் பதினோராவது கேள்வியில் நின்றிருந்தது. அம்மா செத்த அன்றைக்குக்கூட அழாதவள், பந்தல்காரனுக்கும் ஐயருக்கும் நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தாள். "அன்னைக்கு நான் வாசல் கேட்டுப் பக்கத்துல நின்னு அம்மாவை ஒண்ணு சொன்னேன். நீங்க கேட்டீங்களாப்பா?" "கேட்டுது." "நான் போனதுக்கப்புறம் அம்மா அழுதாங்களா?" இரண்டு நாள். பாலை ஆற்றும்போதும். "அவளா? அழுகறதாவது. 'இவளுக்கு என்ன தெரியும், நேத்துப் பொறந்தவ'ன்னு சிரிச்சுட்டுப் போனா" என்றேன். "நெஜமாவாப்பா?" "நெஜமாத்தான் சாமி." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தாளை நாலாக மடித்தாள்.

முப்பத்துநான்கு என்று கூப்பிட்டார்கள். வாணி சட்டென்று எழுந்து, பழக்கத்தில், என் அக்குளுக்குக் கீழே கையைக் கொண்டுவந்தாள். அதற்குள் நான் எழுந்துவிட்டேன். அவள் கை அந்தரத்தில் நின்றது. "பரவாயில்லையேப்பா" என்றாள். டாக்டர் அறை வரைக்கும் இருபதடி இருக்கும், நடுவில் ஒருத்தரும் இல்லை, தரை வழவழவென்று இருக்கிறது, கால் நன்றாகப் போகிறது, வலது, இடது, வலது, யாரும் பிடிக்க வேண்டியதில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.